தட்டு பார்க்கிறவர்

அவர் பேரை எழுத மாட்டேன். எழுதினால் அவருக்குப் பிடித்துவிடும். வெட்டி எடுத்து, சட்டம் போட்டு மாட்டி, "நம்ம தங்கச்சி எழுதினது" என்று வருகிற ஆட்களுக்கெல்லாம் காட்டுவார். அந்தச் சந்தோஷத்தை நான் கொடுப்பதாயில்லை. கேப்டன் என்றே இருக்கட்டும். ஹோட்டலில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

கண்டி வாவிக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிற ஒரு ஹோட்டலில் அவர் சாப்பாட்டு மண்டபத்துக் கேப்டன். நான் அதே மண்டபத்தில் மேசை பார்க்கிற வேலை. வயதில் ஒன்றிரண்டு வருசம்தான் மூத்தவர். ஊர் நாவலப்பிட்டி. எனக்கு ஹந்தானை, தேயிலைத் தோட்டத்து லயத்து வீடு. முதல் நாளே என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். அந்தச் சொல்லை நம்பித்தான் நான் கெட்டேன்.

மற்ற கேப்டன்மார் விருந்தாளியின் முகத்தைப் பார்ப்பார்கள், காலில் இருக்கிற சப்பாத்தைப் பார்ப்பார்கள். இவர் சாப்பிட்டு முடித்த தட்டைப் பார்ப்பார். எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நான் பேன்ட்ரிக்குள் நுழைந்தால், வாளியில் கொட்ட விடமாட்டார்.

"கொட்டாதீங்க தங்கச்சி. ஒரு நிமிசம் பொறுங்க."

குனிந்து பார்ப்பார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். கை ரேகை பார்க்கிறவன் தோற்றான்.

ஒரு நாள் வயதான வெள்ளைக்கார ஜோடி ஒன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த அம்மா பாதியில் எழுந்து போய்விட்டார். நான் தட்டை எடுக்கப் போனேன். கேப்டன் தூரத்திலிருந்தே தலையை ஆட்டினார். "கத்தியும் முள்ளும் விரிஞ்சு கெடக்கு பாருங்க. முடிச்சா சேர்த்து வச்சிருப்பாங்க. இது சண்டை. மூஞ்சியக் கழுவிட்டு வருவாங்க, தட்டு இருக்கட்டும்." சொன்னபடியே அந்த அம்மா ஈர முகத்தோடு திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து சாப்பிட்டார். தட்டை எடுத்திருந்தால் அந்தச் சண்டை எங்கே போய் முடிந்திருக்குமோ தெரியாது.

இன்னொரு நாள் புதிதாக வேலைக்கு வந்த ஒருவர், அழகாக இருக்கட்டும் என்று, ஜப்பான் ஜோடி ஒன்றின் சோற்றுக் கிண்ணத்தில் சாப்பிடுகிற குச்சிகளை நட்டு வைத்துக் கொண்டுபோய்விட்டார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கேப்டன் ஓடிப்போய்க் கிண்ணத்தை எடுத்தார், இடுப்பு வரைக்கும் குனிந்தார், வேறு சோறு கொண்டுவந்து வைத்தார். பேன்ட்ரிக்குள் வந்துதான் பல்லைக் கடித்தார். "அவங்க ஊர்ல செத்தவங்களுக்குப் படைக்கிறது அப்படித்தான். கல்யாணம் முடிச்சு ஊர் பாக்க வந்த புள்ளைங்களுக்குக் கருமாதிச் சோறு போட்டுட்டு சிரிச்சிக்கிட்டு நிக்கிறீங்க."

சீனாக்காரர் தட்டில் கொஞ்சம் மிச்சம் வைத்தால் கோபிக்கக் கூடாது, நீங்கள் வயிறு நிறையப் போட்டீர்கள் என்று சொல்கிறார்கள் என்பார். ஜப்பான்காரர் ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டால் அது பசி இல்லை, மரியாதை என்பார். "ஆள் ஆயிரம் பேசுவான் தங்கச்சி. தட்டு பொய் சொல்லாது." ஒரு நாளைக்கு நாலு தடவையாவது இதைச் சொல்லுவார். எங்களுக்குக் காது புளித்துப்போகும். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, ஆள் தோற்று நான் பார்த்ததில்லை.

எனக்கு முள்ளும் கத்தியும் பிடிக்கப் பழக்கியதும் அவர்தான். மேசை பார்க்கிறவளுக்கு அது எதற்கு என்றேன். "பிடிக்கத் தெரியாதவ எப்படி எடுத்து வைப்பா?" என்றார். மத்தியானச் சாப்பாடு முடிந்து மண்டபம் காலியான பிறகு பேன்ட்ரியில் என்னைக் கதிரையில் உட்காரவைத்து, நான் வீட்டிலிருந்து கொண்டுபோன ரொட்டியையும் சம்பலையும் முள்ளாலும் கத்தியாலும் சாப்பிடச் சொன்னார். தேங்காய் ரொட்டி கத்திக்கு மசியவே மசியாது. தட்டிலிருந்து பறந்துபோய் அவர் சட்டையில் விழுந்தது. பச்சைப் பட்டாணி வைத்த நாளில், "குத்தாதீங்க தங்கச்சி, பட்டாணி உங்கள ஒண்ணும் செய்யல்ல. தள்ளி எடுங்க, தானா வரும்" என்றார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படி ஒரு மனுசனை யாருக்குத்தான் பிடிக்காது.

அக்குறணையில் எங்கள் சமையல்காரர் ஒருவரின் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. ஹோட்டலிலிருந்து ஒரு வேன் போனோம். முஸ்லிம் வீட்டு விருந்து எனக்கு அதுதான் முதல் தடவை. ஆறு பேர் ஒரு பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள், அதற்கு சஹன் என்று பேர். பெண்கள் பக்கம் நான் தனியாகத்தான் போக வேண்டும். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வேனிலேயே கேப்டன் பாடம் எடுத்தார். "உங்களுக்கு முன்னால இருக்கிறதுதான் உங்க காணி. வேலிய தாண்டாதீங்க. நடுவுல இருக்கிற எறைச்சிய நீங்க எடுக்காதீங்க, மூத்த ஆள் பிரிச்சு வைப்பாங்க. முடிச்சாலும் எந்திரிக்காதீங்க, மத்தவங்களுக்காக சும்மாவாவது கையை வச்சிக்கிட்டிருங்க."

அப்படியே செய்தேன். என் பக்கத்தில் இருந்த பெரியம்மா ஒருவர் நல்ல துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளிவிட்டார். "எனத்துக்கு மகள் வெக்கப்படுறீங்க? இது ஒங்கட ஊடு மாதிரி. தின்னுங்க." முன்பின் தெரியாத ஐந்து பேரோடு ஒரே தட்டில் சாப்பிட்டு எழுந்தபோது, இனி உலகத்தில் எந்தப் பந்தியிலும் உட்காருவேன் என்ற தைரியம் எனக்கு வந்திருந்தது. அந்தத் தைரியத்துக்கு இன்றைக்கும் அவருக்கு நான் கடன்பட்டவள்தான். இல்லையென்று சொன்னால் வாய் வெந்துபோகும்.

ஆனால் திரும்பி வரும் வழியில் ஒன்று நடந்தது. ஆண்கள் பக்கம் அவரோடு ஒரே சஹனில் உட்கார்ந்த ஒரு பல்லில்லாத முதியவர், தன் பங்கு இறைச்சியை மெல்ல முடியாமல் இவர் பக்கம் தள்ளி வைத்திருக்கிறார். அந்த முதியவர் வாயை எப்படி அசைத்தார், எப்படி மென்று மென்று பார்த்துவிட்டுத் தோற்றார் என்று கேப்டன் வேனில் நடித்துக் காட்டினார். அச்சு அசலாக இருந்தது. வேனே உருண்டு உருண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். அதை இங்கே மறைத்தால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். அன்னம் பகிர்ந்து தந்த மனுசனை ஒருவர் இப்படிச் செய்கிறாரே, நாளைக்கு என் வீட்டுக்கும் இதே கண் வருமே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அம்மா கொழுந்தெடுத்து ஓய்ந்தவள். எங்கள் லயத்தில் அவளுக்கு இருந்த ஒரே பெருமை, அவள் வீட்டுப் படியேறி வந்தவன் சாப்பிடாமல் போனதில்லை என்பது. தபால்காரர், தோட்டத்து மருத்துவிச்சி, மின்சாரம் வெட்ட வந்த ஆள்கூடச் சாப்பிட்டுவிட்டுத்தான் வெட்டிவிட்டுப் போனார். "அந்தத் தம்பிய ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வாயேன், உனக்கு இவ்வளவு செஞ்சிருக்கு" என்று என்னை அரித்துக்கொண்டேயிருந்தாள். கேப்டனும் ஒரு லீவு நாளில் வருகிறேன் என்றார்.

அது மாதக் கடைசி. வீட்டில் ஒரு சுண்டு, ஒரு டம்ளர் அளவு, அரிசிதான் இருந்தது. பக்கத்து வீட்டில் முட்டை வாங்கி, பருப்பு வைத்து, மாசிச் சம்பல் இடித்து அம்மா ஒப்பேற்றினாள். நானும் தம்பியும் பசியைக் காட்டிக்கொள்ளவில்லை. மத்தியானம் ஒன்றரை மணிக்கு அவர் வந்து சேர்ந்தார். பூப்போட்ட தட்டில் சோற்றைக் குவித்து வைத்தாள் அம்மா.

"நீங்கல்லாம் வரலையாம்மா?"

"நாங்க எல்லாம் சாப்பிட்டாச்சு தம்பி. நேரத்தோட சாப்பிட்டுப் பழகிருச்சு. நீங்க ஒக்காருங்க."

சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டே அதைச் சொன்னாள். இப்போதுதான் சாப்பிட்டு எழுந்த மாதிரி.

அவர் சாப்பிட்டார். நல்லாயிருக்கு என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார். பாதிச் சோறு போனதும், அம்மா அகப்பையோடு வர, தட்டின்மேல் கையை விரித்து மறைத்துக்கொண்டார். "போதும்மா, காலையில வயிறு முட்டத் தின்னுட்டு வந்துட்டேன், மன்னிச்சிக்கங்க." இரண்டாவது முட்டையைத் தொடவேயில்லை. சட்டியில் எங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு பிடி மிஞ்சியது.

த்ரீவீலர் நிற்கிற இடம் வரைக்கும் கூடப் போனேன். வழியில் மெதுவாகச் சொன்னார். "வீட்ல யாரும் சாப்பிடல்ல என்ன தங்கச்சி? அடுப்புப் பக்கம் பலகையில உங்க தட்டு நாலும் கவுத்திருந்துச்சு. நாலும் காஞ்சு கெடந்துச்சு. சாப்பிட்டுக் கழுவின தட்டுன்னா ஈரம் இருக்கும்."

அப்பா செத்துப் போன பிறகும் அவர் தட்டையும் சேர்த்து நாலாக வைத்திருக்கிறோம். அந்த நாலையும் இவர் பார்த்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"யார்கிட்டயும் சொல்லிறாதீங்க கேப்டன். அம்மா தாங்க மாட்டாங்க."

"ச்சே, என்ன பேச்சு இது. நான் ஒண்ணும் பாக்கவே இல்லன்னு வச்சிக்கங்க."

வீட்டுக்கு வந்தால் அம்மா அந்த ஒரு பிடிச் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். "பண்பான புள்ள. அர வயித்தோட எந்திரிச்சிருச்சு. எனக்குத் தெரியாதா" என்றாள். அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று இவளுக்கும் தெரியும், இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. நான் கண்ட மரியாதைகளிலேயே பெரிய மரியாதை அதுதான். அன்றைக்கு அந்த மனுசன் என் கண்ணுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம் போலத் தெரிந்தார்.

இரண்டு மூன்று வருசம் போனது. தம்பிக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது, வீட்டில் அரிசி வாளி நிறைய இருந்தது. அப்போதுதான் ஹோட்டலில் ஒரு புதுத் திட்டம் வந்தது. வெளிநாட்டு விருந்தாளிகளைத் தேயிலை மலையில் நடக்கவிட்டு, ஒரு லயத்து வீட்டில் கையால் மத்தியானச் சாப்பாடு சாப்பிட வைப்பது. எந்த வீடு என்ற பேச்சு வந்தபோது கேப்டன் எங்கள் வீட்டைச் சொன்னார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. முன்வாசல் இஸ்தோப்பை இரண்டு தடவை மெழுகினாள். கிளம்புவதற்கு முன்னால் ஹோட்டல் விறாந்தையில் விருந்தாளிகளுக்குச் சாப்பாட்டு மரியாதைகளைக் கேப்டன் சொல்லிக்கொடுப்பார் என்றார்கள். வலக்கையால் சாப்பிடுவது, சப்பாத்தைக் கழற்றுவது, அந்த மாதிரி. நல்லதுதானே என்று நினைத்தேன்.

முதல் குழுவில் ஐந்து பேர். ஹோட்டல் தட்டுகளை முதல் நாளே அனுப்பியிருந்தார்கள். நான் கூடமாட உதவிக்கு வீட்டில் நின்றேன். கோழிக்கறி, பருப்பு, பலாக்காய், பப்படம். எங்களுக்கும் சேர்த்துத்தான் அம்மா ஆக்கியிருந்தாள், சட்டி நிறைய இருந்தது. விருந்தாளி எழுந்த பிறகு வீட்டுக்காரி சாப்பிடுவதுதான் எங்கள் பழக்கம். ஆனால் அதைச் சொன்னால் வந்தவர்கள் கூச்சத்தில் கிள்ளிக் கொறிப்பார்கள் என்று, எப்போதும் போல, "நாங்க எல்லாம் சாப்பிட்டாச்சு" என்றாள். நான் இங்கிலீசில் சொன்னேன்.

பாதிச் சாப்பாட்டில் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் நரைத்த தலை அம்மா ஒருவர் எழுந்தார். இடக்கையால் சேலை மாதிரி சால்வையை ஒதுக்கிக்கொண்டு, நேரே அடுப்புப் பக்கம் பலகைக்குப் போனார். கவிழ்த்து வைத்திருந்த தட்டின்மேல் ஒரு விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். அடுத்த தட்டு. அதற்கடுத்த தட்டு. அப்பாவின் தட்டையும் தொட்டார். திரும்பி மற்றவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

பிறகு தன் தட்டை, கைவைத்துப் பிசைந்து பாதி சாப்பிட்ட தட்டை, அம்மாவின் முன்னால் தள்ளி வைத்தார். "சாப்புடுங்க" என்றார். தமிழில். யாரோ சொல்லிக்கொடுத்த தமிழ். மற்ற நாலு பேரும் தங்கள் தட்டுகளைத் தள்ளி வைத்தார்கள். "சாப்புடுங்க. சாப்புடுங்க."

ஐந்து எச்சில் தட்டு. வந்தவனுக்கெல்லாம் சோறு போட்ட பொம்பிளையின் முன்னால்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் நல்ல மனசோடுதான் செய்தார்கள், எச்சில் என்றால் எங்களுக்கு என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அம்மா பலகையைப் பார்த்தாள். தட்டுகளைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன். ஐந்து தட்டையும் அடுக்கி எடுத்துக்கொண்டு, தண்ணீர் விழுகிற பீலிக்கரைக்குப் போனாள். நரைத்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் கேப்டன் எல்லாம் சொன்னார்" என்றார்.

அடுத்த வாரம் நான் வேண்டுமென்றே விறாந்தையில் தேநீர் கொடுக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கேப்டன் புதுக் குழுவுக்கு முன்னால் நின்றார். வலக்கை சொன்னார், சப்பாத்துச் சொன்னார். பிறகு தோளைக் குறுக்கினார். கழுத்தில் கட்டியிருந்த குட்டையைச் சேலைத் தலைப்பாக்கி வாயைத் துடைத்தார். என் அம்மாவின் குரலில், தமிழிலேயே, "நாங்க எல்லாம் சாப்பிட்டாச்சு தம்பி" என்றார். அச்சு அசல். எல்லோரும் சிரித்தார்கள். உடனே குரலை இறக்கி, இதை நம்பாதீர்கள், பலகையில் இருக்கிற தட்டுகளைப் பாருங்கள் என்று ஆரம்பித்தார். முடிக்கும்போது மூன்று பேர் கண்ணைத் துடைத்தார்கள். கை தட்டினார்கள். தேநீர்த் தட்டத்தோடு நிற்கிற என்னை அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டேதான் முடித்தார்.

அன்று மத்தியானம் பேன்ட்ரியில் மறித்துக் கேட்டேன். "சொல்ல மாட்டேன்னீங்களே."

"உங்க அம்மாவ நான் உசத்தித்தானே சொன்னேன் தங்கச்சி. அழுதாங்க, பாத்தீங்கல்ல?"

"சொல்ல மாட்டேன்னீங்க."

"பேர் சொல்லலையே."

"பேர் எதுக்கு, வீட்டுக்கே அனுப்பி வைக்கிறீங்களே."

என் கையிலிருந்த, நான் சாப்பிட எடுத்த தட்டைக் குனிந்து பார்த்தார். கண்ணாடி நெற்றிக்குப் போனது. "சோத்த ஓரமாத் தள்ளியே வச்சிருக்கீங்க. ரெண்டு நாளாச் சரியா சாப்பிடல்ல போல" என்றார், அக்கறையாக. சரியாகத்தான் சொன்னார். தட்டை அவர் கண் முன்னாலேயே குழாய்க்குக் கீழே பிடித்துக் கழுவிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் தங்கச்சி என்று கூப்பிட்டால் நான் திரும்புவதில்லை.

அம்மா அந்தத் திட்டத்துக்கு இனி வீடு தர முடியாது என்று சொல்லிவிட்டாள். அவர்கள் வேறு லயத்தில் வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள். கேப்டன் மேலே மேலே போனார். இப்போது வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு எந்த நாட்டில் எப்படிச் சாப்பிடுவது என்று வகுப்பு எடுக்கிறாராம். ஹோட்டலுக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி அவர் பேச்சைப் போனில் போட்டுக் காட்டினாள். ஜப்பான் குச்சி வந்தது, சஹன் வந்தது. கடைசியில் சேலைத் தலைப்பு வந்தது. "எவ்வளவு அழகாப் பேசுறாரு, என்னக்கா?" என்றாள். ஆமா என்றேன்.

கல்யாணமாகி நான் இப்போது கட்டுகஸ்தோட்டைப் பக்கம் இருக்கிறேன். லீவு நாளில் ஹந்தானைக்குப் போவேன். போன மாதமும் போனேன். அம்மா முன்னைவிட மெலிந்திருந்தாள். பூப்போட்ட தட்டில் சோறு போட்டு என் முன்னால் வைத்தாள்.

"நீ சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டாச்சு."

என் கண் பலகைக்குப் போய்விட்டது. நான் அனுப்பவில்லை, அதுவாகப் போனது. நாலு தட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. அப்பாவின் தட்டும். யார் வருகிற சத்தம் கேட்டாலும் நாலையும் பீலித் தண்ணீரில் முக்கி எடுத்துக் கவிழ்த்துவிடுகிறாள் என்று பக்கத்து வீட்டுப் பெண் முன்பே சொல்லியிருந்தாள். எனக்கும் அதைச் செய்வாள் என்று நான் நினைக்கவில்லை.

அம்மா நான் பார்த்ததைப் பார்த்துவிட்டாள்.

"ஈரமாத்தான் இருக்கு" என்றாள். "வேணும்னா தொட்டுப் பாத்துக்க."

தொடவில்லை. சோற்றில் கையை வைத்தேன். முழுக்கச் சாப்பிட்டால், அவள் பட்டினியாக இருக்கலாம். பாதியில் கையை விரித்து மறைத்தால், அது அந்த மனுசன் செய்த மரியாதை. பதின்மூன்று வருசமாக ஊர் உலகத்துக்கெல்லாம் மேசை பார்க்கிறவள், அம்மா வீட்டில் எவ்வளவு சாப்பிடுவது என்று தெரியாமல் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.